முன்னனுமதி கிடைக்கும் வரை

786
மருதமுனை
03.03.1997

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் பிள்ளையும் இருக்கிறோம். உங்கள் தலையிடி எப்படி? ஈரத் தலையோடு கந்தோருக்கு ஓடாதீர்கள்.

நீங்கள் பெயர் வைத்துவிட்டுக் கொழும்புக்கு பஸ் ஏறி நாலு நாள். பிள்ளைக்கு இன்றோடு பதினொரு நாள். நீங்கள் வைத்த பெயரைச் சொல்லித்தான் எல்லோரும் கூப்பிடுகிறார்கள். நான் மட்டும் 'பிள்ளை' என்கிறேன். பெயர் வாய்க்கு வருகுதில்லை. வேறு காரணம் இல்லை.

பிள்ளை பால் குடிக்குதில்லை. வாய் வைக்கிறது, நழுவுகிறது, அழுகிறது. எனக்குக் காம்பு வெடித்து ரத்தம். என் உம்மா உயிரோடு இருந்திருந்தால் இதைக் கடிதத்தில் எழுத வேண்டி வந்திருக்காது. உங்கள் கூடப்பிறந்த ராத்தா கைருன்னிஸா மதினி பக்கத்து வளவிலிருந்து ஓடி ஓடி வருகிறார். அவர் மகன் இன்ஸாபுக்கு இப்போது மூன்று மாதம், பால் குடித்துப் பூசணிக்காய் மாதிரி இருக்கிறான். "எனக்குக் குடுக்கத்தான் தெரியும் புள்ள, பழக்கத் தெரியா" என்று சொல்லிவிட்டு, பாண்டிருப்பில் இருக்கிற சிவரூபினி மிஸ்ஸியைக் கூட்டி வந்தார். ஆஸ்பத்திரியில் முப்பது வருடம் தாதியாக வேலை செய்து பென்ஷன் எடுத்தவர்.

மிஸ்ஸி இரண்டு நாள் வந்தார். "பால் இல்லையெண்டு ஆர் சொன்னது? பால் இரிக்கு. பிள்ளைக்கு வாய் வைக்கத் தெரியல்ல, உங்களுக்குப் பிடிக்கத் தெரியல்ல. காலையும் பின்னேரமுமா பத்து நாள் நான் வந்தா ரெண்டு பேரும் பழகிருவீங்க" என்றார். அவருக்குக் கூலி கொடுக்க வேண்டும். உங்கள் கம்பெனி வைத்தியச் செலவு தரும் என்பீர்களே, இதற்கும் தருமா?

வேறு விசேஷம் இல்லை.

இப்படிக்கு,
ஸுல்பிகா

*

786
கொழும்பு 10
12.03.1997

அன்பின் ஸுல்பிகாவுக்கு,

வஅலைக்கும் ஸலாம். நான் நலம். தலையிடியும் நலமாக இருக்கிறது, என்னை விட்டுப் போகிற எண்ணம் அதற்கு இல்லை.

நீ கேட்டது நல்ல கேள்வி. ஆறு வருடமாகக் காப்புறுதிக் கம்பெனியில் இழப்பீட்டுக் கடிதம் டைப்பில் தட்டுகிறவன் சொல்கிறேன், கவனமாகக் கேள். ஊழியரின் மனைவிக்கும் எங்கள் திட்டத்தில் பங்கு உண்டு. ஆனால் வீட்டுக்குத் தாதி வருவதென்றால் முன்னனுமதி எடுக்க வேண்டும். அனுமதி வருமுன் தொடங்கினால் ஒரு சதம் கிடைக்காது. எத்தனை பேர் இப்படி அவசரப்பட்டு உரிமையை இழந்தார்கள் என்று எனக்குத்தான் தெரியும்.

படிவம் இத்துடன் இருக்கிறது. டொக்டரிடம் ஒப்பம் எடு. ஏழாவது கேள்வி, 'சிகிச்சை ஏற்கெனவே ஆரம்பிக்கப்பட்டதா?' என்பது. அதற்கு 'இல்லை' என்று எழுது. கந்தோருக்கு டெலிபோன் எடுக்காதே, முகாமையாளருக்குப் பிடிக்காது.

நுஸ்ஹாவுக்கு என் முத்தம். மருமகன் இன்ஸாபுக்கு என் சலாம். பிள்ளை பிறந்த அன்றே ராத்தா என் கையைப் பிடித்து, "இவள் என்ட மகனுக்குத்தான், வேற இடம் பாக்கப்படா" என்றாரே, அந்தச் சொல்லில் எனக்குப் பாதிப் பாரம் இறங்கிவிட்டது. பெண்பிள்ளை பிறந்தால் மறுநாளே சீதன வீட்டுக்கு அத்திவாரம் வெட்டுகிற ஊர் நம்முடையது. வீட்டுக்கும் சீதனத்துக்கும் ராத்தா என்னோடு மல்லுக்கு நிற்கமாட்டார்.

துஆவுடன்,
றிபாத்

*

786
மருதமுனை
22.03.1997

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நலம், நாடுவதும் அதுவே. படிவம் டொக்டரின் ஒப்பத்தோடு இன்று தபாலில் போகிறது.

ஏழாவது கேள்விக்கு 'இல்லை' என்று எழுதினேன். மிஸ்ஸி வந்த இரண்டு நாளும் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனதுதானே, சிகிச்சை இல்லை. ஒப்பமிட்டுப் பொய் எழுதக் கூடாது என்பதால் மிஸ்ஸியை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நோன்பு பிடித்துக்கொண்டு களவாகத் தண்ணீர் குடித்த மாதிரி ஆகிவிடும். மிஸ்ஸி சைக்கிளைப் பிடித்தபடி வாசலில் நின்று, "காசு வேணாம், சும்மா வாறன்" என்றார். சும்மா வந்தாலும் ஆரம்பித்ததுதானே என்றேன். "பிள்ளை, பால் கடிதத்துக்குக் காத்துக்கொண்டு இரிக்காது" என்று சொல்லிவிட்டுப் போனார். மதினிக்குக் கோபம். "உன்ட புருசன் கலியாணக் காவின்லயும் போம் நிரப்பித்தான் கையெழுத்து வெச்சவன்" என்கிறார்.

கிளினிக்கில் பிள்ளையை நிறுத்தார்கள். பிறந்தபோது இரண்டு கிலோ தொள்ளாயிரம். இப்போது இரண்டு எழுநூறு.

முன்பெல்லாம் பிள்ளை அழுதால் எனக்கு நெஞ்சு பதறும். இப்போது பதறுவதில்லை. சுவரில் மணிக்கூடு அடிப்பது மாதிரிக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். எழும்ப வேண்டும் என்று தெரிகிறது, எழும்புகிறேன். அவ்வளவுதான்.

அனுமதி எப்போது வரும்?

ஸுல்பிகா

*

ஊழியர் மருத்துவக் காப்புறுதிப் பிரிவு
கொழும்பு
எமது இல: பி.கே.எஸ்/எம்.எம்.ஆர்
11.04.1997

அன்புடையீர்,

தங்களது 22.03.1997 ஆந் திகதிய விண்ணப்பம் பரிசீலிக்கப்பட்டது. தாய்ப்பால் ஊட்டுவதற்கான உதவி, பயிற்சி, ஆலோசனை என்பன நோய் அல்லது காயம் என்ற வகைகளுள் அடங்காமையால், தாதியின் வருகைகளுக்கு முன்னனுமதி வழங்க இயலாதுள்ளதை மனவருத்தத்துடன் அறியத்தருகின்றோம்.

தாய்க்கோ சேய்க்கோ நோய் ஏற்படுமிடத்துப் புதிய விண்ணப்பம் ஒன்றைச் சமர்ப்பிக்கலாம்.

முகாமையாளர்

*

786
கொழும்பு 10
13.04.1997

அன்பின் ஸுல்பிகாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். சுகம் எப்படி? நான் நலம்.

கம்பெனிக் கடிதம் வரும். சரிவரவில்லை. முகாமையாளரின் முடிவு, சட்டப் புத்தகத்தில் உள்ளபடி செய்திருக்கிறார். நான் சின்னக் கிளாக், என்ன சொல்ல முடியும்? இனி மிஸ்ஸியைக் கூப்பிடு, காசு அனுப்புகிறேன்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு வரக் கிடைக்காது. லீவு இல்லை, சண்டையால் ரோட்டையும் அடிக்கடி பூட்டுகிறார்கள். புடைவை எடுக்க வந்த நம் ஊர் சீனிமுகம்மதுவின் லொறியில் உனக்கு ஒரு சாரியும், நுஸ்ஹாவுக்கு இரண்டு சட்டையும், மருமகனுக்கு ஒரு தொப்பியும் கொடுத்திருக்கிறேன். மாப்பிள்ளையும் பொம்பிளையும் பெருநாளுக்குப் புதுசு உடுத்தட்டும். இன்னும் பதினெட்டு வருடம்தானே, கண் மூடித் திறந்தால் ஓடிவிடும்.

உடம்பைக் கவனித்துக்கொள்.

றிபாத்

*

786
மருதமுனை
04.05.1997

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். சாரி, சட்டை, தொப்பி எல்லாம் பெருநாளைக்கு முதல் நாள் கிடைத்தன. பிள்ளைக்குச் சட்டை பெரிது.

உங்கள் கம்பெனி சொன்னபடி நோய் வந்துவிட்டது. பெருநாளன்று எனக்குக் குளிர் காய்ச்சல். இடது பக்க மார்பு கல்லாக இறுகிச் சிவந்துவிட்டது. மதினி மிஸ்ஸியைக் கூட்டி வந்தார். மிஸ்ஸி தொட்டுப் பார்த்துவிட்டு, "இது இனி என்ட வேலையில்ல, டொக்டர்ர வேலை" என்றார். பிரைவேட் ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் இருந்தேன். உள்ளே சீழ் கட்டியிருந்தது, கீறி எடுத்தார்கள்.

இப்போது இரண்டு பக்கமும் பால் இல்லை. வலியும் இல்லை.

நான் ஆஸ்பத்திரியில் இருந்தபோது பிள்ளைக்கு டின் பால் கரைத்துக் கொடுத்தார்கள். அது ஒத்துக்கொள்ளவில்லை, வயிற்றோட்டம். அதையும் மருந்து எடுத்துப் பார்த்தாயிற்று. பில்லுகள் ஏழு இருக்கின்றன. நீங்கள் கேட்பீர்கள் என்று திகதி வாரியாக அடுக்கி இத்துடன் வைத்திருக்கிறேன்.

ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில்காரி எனக்காக அழுதாள். நான் அவளுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன்.

ஸுல்பிகா

*

786
கொழும்பு 10
16.05.1997

அன்பின் ஸுல்பிகாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் கடிதம் கண்டு நெஞ்சு திடுக்கிட்டது. இவ்வளவு நடந்தும் ஒரு தந்தி அடிக்கவில்லையே! அல்லாஹ் காப்பாற்றினான்.

ஒரு நல்ல செய்தி. ஏழு பில்லும் பாஸாகிவிட்டன. ஆஸ்பத்திரி, ஒப்பரேஷன், மருந்து, முழுத் தொகையும் ஒரு கேள்வி இல்லாமல் இரண்டே நாளில் வந்தது. நீ திகதி வாரியாக அடுக்கியதை முகாமையாளரே மெச்சினார்.

இன்னொன்று. தாய்க்கு நோயினால் பால் நின்றுபோனால் ஆறு மாதத்துக்குப் பால்மாவின் செலவும் தருவார்கள். இது பலருக்குத் தெரியாது. இனி வாங்குகிற டின்களின் ரசீதுகளை எறிந்துவிடாதே. எந்தப் பால்மா கொடுக்கிறாய்? வயிற்றோட்டம் நின்றதா? நுஸ்ஹா இப்போது எத்தனை கிலோ?

மருமகன் சுகமா?

றிபாத்

*

786
மருதமுனை
09.06.1997

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். வயிற்றோட்டம் நின்றுவிட்டது. பிள்ளை இப்போது நாலு கிலோ நூறு. கழுத்து நிற்கிறது. பெருநாள் சட்டை அளவாக இருக்கிறது.

ரசீது இல்லை.

மதினி உங்களுக்குச் சலாம் சொல்கிறார். இங்கே நல்ல வெயில்.

ஸுல்பிகா

*

786
கொழும்பு 10
12.07.1997

அன்பின் ஸுல்பிகாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். மூன்று கிழமைக்கு முன் போட்ட கடிதத்துக்குப் பதில் இல்லை. சுகயீனம் ஒன்றும் இல்லையே? உன் கடைசிக் கடிதத்தில் ஏழெட்டு வரிதான் இருந்தது. அதைப் பலமுறை படித்தேன். நாலு கிலோ நூறு என்றதும் ரூமில் இருந்த எல்லோருக்கும் தேத்தண்ணீர் வாங்கிக் கொடுத்தேன்.

ஆனால் ஒன்று விளங்கவில்லை. டின் பால் ஒத்துக்கொள்ளவில்லை என்கிறாய், உனக்கும் பால் இல்லை என்கிறாய். பிள்ளை ஒரு மாதத்தில் இவ்வளவு தேறியிருக்கிறது. ரசீதும் இல்லை என்கிறாய். அப்படியென்றால் என்ன கொடுக்கிறாய்?

சிசு உணவுப் படிவம் வைத்திருக்கிறேன். குழந்தையின் பெயர், பெறும் பால் தாய்ப்பாலா பால்மாவா, ஊட்டுபவர் பெயர், உறவு. நாலே வரி. ரசீது தொலைந்திருந்தாலும் பரவாயில்லை, 'பால்மா' என்பதில் அடையாளம் போட்டு அனுப்பு. மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.

ராத்தாவும் ஏன் எழுதுவதில்லை? மருமகனை எனக்குத் தராமல் வேறு இடத்தில் பேசிவிட்டாரோ?

பதில் எழுது.

றிபாத்

*

786
மருதமுனை
29.07.1997

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். எல்லோரும் சுகம். பிந்தி எழுதுகிறேன், மன்னிக்கவும்.

நீங்கள் கேட்டதற்குப் பதில் இது.

நான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று பிள்ளை இரண்டு கிலோ ஐந்நூறு. டின் பால் உள்ளே போனதும் வெளியே வந்தது. வேறு டின் மாற்றியும் அதே கதைதான். பின்னேரம் பிள்ளை அழுதது. வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. மதினி இன்ஸாபைப் பாயில் போட்டுவிட்டு, என்னிடம் ஒன்றும் கேட்காமல் பிள்ளையை எடுத்துத் தன் மார்பில் வைத்தார். முதலில் நழுவியது. மிஸ்ஸி எனக்குக் காட்டியதை மதினி பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறார், அதே மாதிரிப் பிடித்தார். பிள்ளை குடித்தது. வயிறு நிறையக் குடித்துவிட்டுத் தூங்கியது. வாந்தி எடுக்கவில்லை.

அது ஒன்று. இரவு ஒன்று, விடியப் பாங்கு சொல்ல ஒன்று, மறுநாள் பகல் ஒன்று. நானும் எண்ணினேன், மதினியும் எண்ணினார்.

நாலாவது முடிந்ததும் மதினி பிள்ளையை என் மடியில் வைத்தார். "இதோட நாலு. அஞ்சாவது வயிறு நிறையக் குடிச்சா மார்க்கப்படி நான் இவளுக்கு உம்மா, இன்ஸாப் கூடப்பிறந்த காக்கா, இவள் அவனுக்குத் தங்கச்சி. பொறகு நிகாஹ் எண்ட கதைக்கே இடமில்ல. தம்பி எத்தன ஆசையா இரிக்கான் எண்டு எனக்குத் தெரியும். எனக்கும் ஆசைதான் புள்ள. அவனுக்கு ஒரு வார்த்தை எழுதிக் கேளு. என்ட தலையில பழியப் போடாத" என்றார். சொல்லிவிட்டு அழுதார்.

கடிதம் கொழும்புக்குப் போக ஒரு கிழமை. வர ஒரு கிழமை.

பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். பிள்ளை திரும்பவும் வாய் திறந்தது. நான் தூக்கி மதினியின் மடியில் வைத்தேன். அப்போது எனக்கு சந்தோஷமும் இல்லை, துக்கமும் இல்லை.

ஐந்தாவதுக்கு உங்களிடம் முன்னனுமதி கேட்கவில்லை மச்சான்.

அன்றிலிருந்து மதினிதான் கொடுக்கிறார். பிள்ளை ஐந்து கிலோவைத் தாண்டிவிட்டது. மதினியைக் கண்டால் கையைக் காலை அடித்துச் சிரிக்கிறது. என்னைக் கண்டால் பார்க்கிறது.

இன்னும் ஒன்று. கம்பெனிக் கடிதத்தின் தலைப்பில் இருந்த எழுத்துகளைப் பற்றி அப்போதே கேட்க நினைத்தேன். தட்டியவரின் எழுத்துதான் கடைசியில் வரும் என்பீர்களே. எம்.எம்.ஆர். மீராமுகைதீன் முகம்மது றிபாத். அது நீங்கள்தானே?

ஸுல்பிகா

*

786
கொழும்பு 10
10.08.1997

ஸுல்பிகா,

அஸ்ஸலாமு அலைக்கும்.

ஓம். நான்தான் தட்டினேன்.

அன்று காலை முகாமையாளர் பதினாலு விண்ணப்பங்களுக்குப் பதில் சொன்னார். உன்னுடையது ஒன்பதாவது. நீ என் மனைவி என்று அவருக்குத் தெரியும், அதனால் 'சொறி' என்று இங்கிலீஷில் மன்னிப்பாக ஒரு வார்த்தை சொன்னார். 'மனவருத்தத்துடன்' என்ற சொல் அவர் சொன்னதல்ல, நான் சேர்த்தது. உனக்காகச் சேர்த்தது என்று எழுத ஆசையாக இருக்கிறது. ஆனால் எல்லாக் கடிதத்திலும் அதைப் போடுவேன், விரல் தானாகப் போகும். தட்டி முடித்துவிட்டுப் பத்தாவதை எடுத்தேன். பத்து மணிக்குத் தேத்தண்ணீர் குடித்தேன். உனக்கு ஒன்றும் தோன்றவில்லை என்று எழுதுவாய். அன்று எனக்கும் தோன்றவில்லை.

பத்து நாள் கூலியை என் பொக்கெற்றிலிருந்தே கொடுத்திருக்கலாம். அது பெரிய காசும் இல்லை. விதி தெரிந்தவன் என்ற பெருமைதான் என்னைக் கெடுத்தது. மிஸ்ஸி சும்மா வருகிறேன் என்று சொன்னதை நீ எழுதியிருந்தாய். அந்தக் கடிதத்தை இன்று எடுத்துப் படித்தபோதுதான் அந்த வரி என் கண்ணில் பட்டது.

உன் கடிதத்தில் ஐந்தாவது என்ற இடத்தைப் படித்ததும், முதலில் மருமகன் போய்விட்டானே என்றுதான் நினைத்தேன். மறைக்கவில்லை. பிறகு இரண்டு கிலோ ஐந்நூறு என்ற இடத்துக்குத் திரும்பிப் போனேன். இரண்டரைக் கிலோ சீனிப் பையைக் கையில் தூக்கிப் பார்த்தேன்.

நீ செய்தது சரி. ராத்தாவிடம் சொல், அவர் காலைப் பிடிக்க வேண்டியவன் நான்.

அந்தப் படிவத்தைக் கிழித்து எறி. அடுத்த மாதம் லீவு கேட்டிருக்கிறேன். தராவிட்டாலும் வருவேன். பிள்ளை என்னிடம் வருவாளா?

றிபாத்

*

786
மருதமுனை
24.08.1997

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் கடிதம் கிடைத்தது. மதினிக்கு வாசித்துக் காட்டினேன். காலைப் பிடிக்கிற இடத்தில், "டைப் தட்டித் தட்டி அவன்ட கை குளிர்ந்துபோய்க் கிடக்கும், வேணாம்" என்று சிரித்தார். பிறகு இன்ஸாபின் தலையைத் தடவி, "டேய், உனக்குத் தங்கச்சி கிடைச்சிட்டா, பொம்பிளைக்கு வேற ஊர் பாப்பம்" என்றார். இன்ஸாப் இப்போது தவழ்கிறான். பிள்ளையின் காலைப் பிடித்து இழுக்கிறான்.

சிவரூபினி மிஸ்ஸி போன கிழமை வந்து என்னைப் பார்த்தார். பிள்ளையைப் பார்க்க வரவில்லை, உங்களைத்தான் பார்க்க வந்தேன் என்றார். உறக்கம் வருதா, பசிக்குதா, அழுகை வருதா என்று கேட்டார். அழுகை வருகுதில்லை என்றேன். பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு சிலருக்கு இப்படி வரும், அதற்கும் டொக்டர் இருக்கிறார், கூட்டிப் போகிறேன் என்றார். அது எந்த வகையில் அடங்கும் என்று நான் கேட்கவில்லை. நாளைக்குப் போகிறோம்.

படிவத்தைக் கிழிக்கவில்லை. நிரப்பி இத்துடன் வைத்திருக்கிறேன். பணம் வேண்டாம், உங்கள் பைலில் கிடக்கட்டும். தாய்ப்பால், பால்மா என்ற இரண்டில் தாய்ப்பால் என்பதில் அடையாளம் போட்டேன். ஊட்டுபவர் பெயர், கைருன்னிஸா. உறவு, உம்மா. இது பொய் இல்லை, யோசித்துத்தான் ஒப்பம் வைத்தேன். நீங்கள் தட்டும்போது திருத்த வேண்டாம்.

முதல் வரியை விட்டுவிட்டு மற்றதெல்லாம் எழுதியிருந்தேன். கடைசியில் அதற்கு வந்தேன். குழந்தையின் பெயர். நுஸ்ஹா என்று எழுதினேன். எழுத்து சரியா என்று பார்க்க வாய்விட்டு ஒருமுறை சொன்னேன்.

மதினியின் மார்பை விட்டுவிட்டுத் திரும்பி என்னைப் பார்த்தாள்.

வாருங்கள்.

ஸுல்பிகா